வெள்ளிக் கூடுகளும் பின்சுவரும்

நிரஞ்சலா பதினாறு வருடமாகப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கும் தாய்மார், வேலைக்குப் பெயர் பதியும் காலைப் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். பீ, மூத்திரம், வாந்தி, ஒழுகும் மூக்கு, எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. அவளுக்குக் குமட்டுவது அந்தப் பின்சுவர் ஒன்றுதான்.

கூரைத் தகரம் ஓட்டையாகி இரண்டு வருடம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவர் முழுக்கக் கருத்த பூஞ்சணம். விரல் வைத்தால் வழவழவென்று ஒட்டும். செத்த எலி நாற்றம். அதன் கீழேதான் பிள்ளைகளின் பாய்கள், வேறு இடமில்லை. நான்கு வயது மேனுஷாவுக்கு மூச்சு இழுத்து இதுவரை மூன்று தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயாயிற்று. தகரத்தை மாற்றச் சொல்லி நிரஞ்சலா தோட்டக் காரியாலயத்துக்கு ஐந்து கடிதம் கொடுத்துவிட்டாள்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கையில் நலன்புரி அதிகாரி இந்திரஜித் வந்தான்.

"டீச்சர், தேயிலை வாங்குற வெளிநாட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வாராங்க. புள்ளைங்க கையால சோடனை செய்யட்டும். நெறைய வேணும்."

அவள் சந்தோஷப்பட்டாள். பெக்டரியில் கிழிந்த தேயிலைச் சாக்குகளை வாங்கி வந்தாள். அவற்றின் உட்புறம் வெள்ளித்தாள். வெசாக் பண்டிகைக்குப் பதுளையில் தொங்கும் விளக்குக் கூடுகளைப் பார்த்திருந்த பிள்ளைகள், தீபாவளிக்கும் கூடுதான் வேண்டுமென்றார்கள். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்தாள். பாதியைப் பிள்ளைகள் நக்கினார்கள்.

"டேய் ஜெயரூபா, அது பசைடா!"

"உப்பு இல்ல டீச்சர்," என்றான் அவன்.

நாலு நாளில் நாற்பது கூடு. கோணலும் மாணலுமாக, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல்.

வியாழக்கிழமை இந்திரஜித் பார்த்தான். "அருமை. எல்லாத்தையும் அந்தச் சுவத்துல ஒட்டிருங்க. கறுப்பு தெரியப்படாது."

அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப வேண்டும்போல் இருந்தது. "இதுக்காகவா சேர் செய்யச் சொன்னீங்க?"

"அவங்க போனதும் தகரம் மாத்தித் தாறோம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"டீச்சர், சொன்னதச் செய்ங்க."

அன்று மாலை அவள் கூடுகளை நூலில் கோத்து வாசலிலும் மற்ற மூன்று சுவர்களிலும் தொங்கவிட்டாள். பின்சுவரில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் வேனுக்கு முன்னால் வந்த இந்திரஜித்துக்கு முகம் வெளிறியது. சென்ட் மணக்க ஓடிப்போய்க் கூடுகளைப் பிய்த்தான். மிச்சப் பசையை அள்ளி அவனே சுவரில் ஒட்டினான். ஈரத்தில் ஒட்டவில்லை. ஒவ்வொன்றாக வழுக்கி, பூஞ்சணத்தை வழித்துக்கொண்டு பாயில் விழுந்தது. அவன் வெள்ளைச் சட்டைக் கையில் கரும்பசை. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது.

"புள்ளைங்களா, ஓடி வாங்க! சுவத்தோட ஒட்டி நில்லுங்க, போட்டோ!" மேனுஷாவின் தோளைப் பிடித்து முதல் ஆளாக நிறுத்தினான். அவள் தலைமுடி சுவரின் ஈரத்தில் ஒட்டியது. இருமத் தொடங்கினாள்.

நிரஞ்சலா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கடதாசி ஒட்டல, இப்ப புள்ளைங்கள ஒட்டப் பாக்குறீங்களா? ச்சீ!" பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாம் வெளிய வாங்க," என்றாள்.

பதினெட்டுப் பிள்ளைகளும் அவள் பின்னால் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கி முதலில் உள்ளே நுழைந்த வெள்ளைக்காரிக்குச் சுவரும் இந்திரஜித்தும் மட்டுமே மிச்சம். அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். அவன் ஆங்கிலத்தில் ஏதோ அவசரமாகச் சொன்னான். நேற்றைய மழை என்கிறான் என்று நிரஞ்சலாவுக்கு விளங்கியது.

வாசலில் நின்றபடியே நிரஞ்சலா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். "டூ இயர்ஸ்."

வெள்ளைக்காரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

திங்கட்கிழமை முஸ்தாக் என்ற பெயின்ட்காரன் பச்சைப் பெயின்ட் வாளியோடு வந்தான்.

"தகரம்?"

"தெரியாதுக்கா. சுவத்துக்கு அடிக்கச் சொன்னாங்க."

"ஈரத்து மேலயா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"உங்க மேல கோவமில்ல தம்பி. வாளிய எடுத்துட்டுப் போங்க. தகரம் வந்தப்புறம் வாங்க."

அவள் பாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள். பிள்ளைக்காம்பராவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். பதினெட்டுப் பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு, தோட்டக் காரியாலய வராந்தாவில் படுக்கவைக்க நடந்தாள்.