பேசியவர்கள் பட்டியல்

ஐந்தாம் வகுப்பில் நான் லீடர். டீச்சர் வெளியே போனால் சாக்பீஸ் என் கைக்கு வரும். பேசுகிறவள் பெயரைக் கரும்பலகையில் எழுதவேண்டும். மறுபடி பேசினால் பக்கத்தில் ‘அ’ போடவேண்டும், அடங்கவில்லை என்று அர்த்தம். அதற்கும் மிஞ்சினால் ‘மி.மி.அ.’, மிக மிக அடங்கவில்லை. அதற்குப் பிரம்படி உண்டு. என் உயிர்த்தோழிக்கே இரண்டு முறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாகத்தான் இருந்தது.

அது எமர்ஜென்சி காலம். திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டார்கள். ரயில் நேரத்துக்கு வருகிறதாம், ஆபீசில் ஆட்கள் நாற்காலியில் இருக்கிறார்களாம். நாட்டுக்கே ஒரு லீடர் போட்டுவிட்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

எங்களோடு இருந்த மாமாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அம்மாவின் தம்பி; மில்லில் வேலை, சங்கத்து ஆள். கூட்டாளிகள் இரண்டு பேரோடு சாயங்காலம் உட்கார்ந்தால் முன்பெல்லாம் தெருமுனை வரை கேட்கும். இப்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் குசுகுசுவென்று பேசினார்கள். அம்மா காபி கொண்டுவந்து வைப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

குசுகுசுப்பு எந்த லீடருக்குத்தான் பொறுக்கும்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூவர் பெயரையும் எழுதி, என்ன பேசினார்கள் என்றும் குறித்துவந்தேன். மாமா மூன்றே நாளில் மி.மி.அ.

எதிர்வீட்டுக்கு அப்போது ஒருவர் குடிவந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் அவருக்கு நல்ல பழக்கம். அடுத்த தெருவில் சங்கத்து ஆள் ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதே இவர் சொல்லித்தான் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கையெழுத்தை மெச்சுகிற ஒரே மனிதர் அவர் என்பதுதான். ஒருநாள் காலை, பள்ளிக்குப் போகிற வழியில் தெருக்குழாயருகே என்னை நிறுத்தி, வீட்டுக்கு யாரெல்லாம் வந்து என்ன பேசுகிறார்கள் என்று பிரியமாகக் கேட்டார். வாயால் சொல்வானேன் என்று பையிலிருந்து நோட்டையே எடுத்து நீட்டிவிட்டேன்.

அவர் மாமா பெயரை வாய்விட்டுப் படித்தார். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த அம்மா திரும்பினாள்.

“அது பிள்ள வெளாட்டுக்கு எழுதுனதுண்ணே,” என்றாள். “எங்க வீட்ல பேசுறது நாந்தேன். எழுதுறதா இருந்தா எம்பேர எழுதுங்க.”

வரிசையில் அடுத்து நின்ற டெய்லர் வீட்டு அக்கா வாயைத் திறந்தாள்.

“எம்பேரையும் போட்டுக்கங்கண்ணே. நேத்து முச்சூடும் தண்ணி வரல, அதையும் சேத்து எழுதுங்க.”

அவ்வளவுதான், அதற்குமேல் யார் வாயை மூடுவது? ஒருத்தி ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லை எழுதச் சொன்னாள். இன்னொருத்தி தன் பெயரோடு மாமியார் பெயரையும் கொடுத்தாள். அவர் பேனாவையே எடுக்கவில்லை. பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை என்று சொல்லி அம்மா அவர் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். போனவர்தான், அதன்பின் எங்கள் வாசல் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மாமா பேரன் பேத்தி எடுத்து, இன்றைக்கும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் அரசியல் பேசுகிறார்.

இப்போதும் எங்காவது, பேசுகிறவர் யார் யார் என்று பட்டியல் போடத் தொடங்கினால், அதைப் பார்த்து நாலு பேர் ஒழுங்கு வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டால், எனக்குப் பயம் வரும். கூடவே அந்தக் குழாயடியும் ஞாபகம் வருவதால் தைரியமும் வந்துவிடும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அம்மாமேல் வந்தது கோபம்தான். வாயே திறக்காதவள், தான்தான் பேசியதாகப் பச்சைப்பொய் சொல்லிவிட்டாளே! பள்ளியை மறந்து, வீடுவரை முறைத்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன். இடுப்பிலிருந்த குடம் வழிநெடுகத் தளும்பி, சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. குடத்தை நிறையப் பிடித்துவிட்டாள், அதுதான் என்று நினைத்தேன். அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.