மூச்சை அடக்கும் வேலை

அலுவலகத்தில் அவளுக்குக் காற்றம்மா என்றுதான் பெயர். இருபத்தாறு வருடமாக அவள் செய்துவந்த வேலையை வெளியாரிடம் சொன்னால் சிரிப்பார்கள். புதன்கிழமை தவறாமல் மொட்டைமாடி ஏறி, காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கண்ணாடிக் குடுவையைத் திறந்து, காற்றைப் பிடித்து மூடவேண்டும். அதில் கரியமில வாயு எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளப்பார்கள். நடுவில் மூச்சுவிட்டால் போச்சு. நாம் வெளியே விடும் கரியமில வாயு உள்ளே புகுந்து அளவையே கெடுத்துவிடும்.

"சம்பளம் வாங்கிட்டு மூச்சே விடாம இருக்கறது உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று கணவர் கேலி செய்வார்.

போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவேயில்லை. நாற்பது எண்ணும்வரை அடக்கியவளுக்கு இப்போது இருபதிலேயே கண் இருட்டியது. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். மூச்சை அடக்க முடியாதவளை இந்த வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன், குடுவை திறந்திருக்கும்போதே இருமிவிட்டாள். வேறு குடுவை கேட்டால் காரணம் சொல்லவேண்டும். அதையே மூடி, தேதி எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரமே செய்தி வந்தது. நெடுங்காலம் விடாமல் காற்றை அளந்துவரும் நிலையம் என்று அரசு அங்கீகாரம் தரப்போகிறது. அவளுக்கும் ஒரு கேடயம். எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

"கேடயம் வாங்கப்போறவ மூஞ்சியா இது?" என்றார் கணவர்.

"பயமா இருக்குங்க."

"மேடைக்கு நாலே படி. மாடி ஏறுறவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா?"

விழாவன்று காலை இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் வரைபடம் விரிந்திருந்தது. இருபத்தாறு வருடக் கோடு மெல்ல ஏறிவந்து, முடிவு வந்தவற்றில் கடைசிப் புள்ளி மட்டும் தனியாக எகிறி நின்றது.

"பாத்தீங்களாம்மா? இதுவரைக்கும் வராத அளவு! ஆய்வகத்துல சந்தேகப்பட்டாங்க. எடுத்தது நீங்க, தப்பே வராதுன்னு நான்தான் அடிச்சுப் பேசினேன். மந்திரி பேச்சுலயும் சேத்தாச்சு."

அவள் அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

"சார், அது காத்து இல்ல. என்னோட மூச்சு. இருமிட்டேன்."

இயக்குநர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இது ஒண்ணு மட்டும்தானேம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். குடுவையை மூடும்முன் மூச்சு நழுவியதா என்றே தெரியாமல் கண் இருட்டிய புதன்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"எப்பலேர்ந்துன்னு எனக்கே தெரியலை சார்."