கடைசி வளையம்

உள்ளே போகும் முன்பே வியர்த்துப்போன வீரனாக நான் ஸ்கேன் அறை வாசலில் நிற்க, "உடம்புல இரும்பு எதுனா கீதா, சார்?" என்றார் ஊழியர். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

சின்ன வயதில், திருவொற்றியூரில் பின்னாளில் கடல் தின்றுவிட்ட எங்கள் தெருவில், அம்மா இறால் கம்பெனிக்குப் போய்விடும் பகல்களில், ஸ்பிரிங் பட்டறை வாசலில் பொறுக்கிய கம்பி வளையங்களைக் குறடால் திறந்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, நெரித்து மூடி அவளுக்கொரு சங்கிலி செய்துகொண்டிருந்தேன். சுவரில் மோதும் அலையையும் குறடின் 'கிடுக்'கையும் விட்டால் பேச்சுத்துணை கிடையாது. அளவு பார்க்க என் கழுத்தில் சுற்றிக் கடைசி வளையத்தையும் அழுத்தி மூடிய பிறகுதான், அது தலைவழியாக வராது என்பது உறைத்தது. தாடைக்குக் கீழே கண்ணுக்கு எட்டாததால் குறடு வழுக்கியது. இனி கல்யாணத்துக்கும் பாடைக்கும் இதோடுதான் என்று முடிவுகட்டி, வாசற்படியில் உட்கார்ந்து ஊளையிட்டேன்.

பொழுது சாய்ந்து வந்த அம்மா, "இன்னா நைனா, எவன் உன்னக் கட்டிப் போட்டுகினு போனான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இறால் வாடை விரல்களில் குறடைப் பிடித்து வளையத்தைத் திறந்து, தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் இறுக்கம்தான், கடைசிவரை கழற்றவில்லை.

"இல்லப்பா," என்றேன் ஊழியரிடம், வெறுங்கழுத்திலிருந்து கையை எடுத்து.

"கூட யார்னா வந்துகீறாங்களா?"

அதற்கும் அதே பதில்தான்.