ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் பள்ளிக்கூடம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கினேன். கருவாட்டு வாடைதான் முதலில் வந்து வரவேற்றது. திருச்சியிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு ஒடிந்திருந்தது. பதின்மூன்று ரூபாய் சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்கியவளுக்குக் காலை நீட்ட ஓர் அடி இடம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு ஒன்பதாம் வகுப்புக் காலாண்டு விடைத்தாள் கட்டு வேறு மடியில்.

நான் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரரும் வாத்தியார்தான். எங்கள் வீட்டில் காலண்டர் என்றால் பள்ளிக்கூடக் காலண்டர். கல்யாணம் அரைப்பரீட்சை லீவில். மூத்தவன் சொன்னபடி மே மாதம் பிறந்தான். இளையவன் அவசரக்காரன், அரைப்பரீட்சை நடுவில் பிறந்து என் மானத்தை வாங்கினான். காய்ச்சல்கூட முழுப்பரீட்சை முடிந்து வந்தால் நல்லது என்று நினைக்கிற குடும்பம். இந்தப் பயணமும் அப்படித்தான், எழுபத்தேழாம் வருஷத்துக் காலாண்டு லீவில் அமைந்தது.

வந்த காரியம் என் தங்கை ரூபியின் கல்யாணம். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் டீச்சர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வந்த வரன்கள் எல்லாம் மெட்ராஸ், பம்பாய், பெங்களூர். பெண்ணைப் பிடித்திருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்பார்கள். மானேஜ்மென்ட் பள்ளிக்கூட வேலைக்கு மாற்றல் கிடையாது, விட்டால் விட்டதுதான். அந்த வேலை கிடைக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வேலையும் போகக்கூடாது, கல்யாணமும் நடக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்ததில் வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது வந்திருந்த ஜெபராஜ் நாசரேத்துப் பையன். காயல்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் முப்பத்துநாலு கிலோமீட்டர், நினைத்தால் பஸ். ரூபியுடன் வேலை பார்க்கிற ஒரு டீச்சரின் தம்பி. விட்டால் இனி இப்படி ஒரு இடம் அமையாது என்று ரூபியின் கடிதம் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க ரூபி என்னை ஊர் சுற்றிக் காட்டினாள். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். பழைய துறைமுகத்துப் பக்கம் தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முத்து எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். முத்துக் குளிப்பெல்லாம் நின்று பல வருஷமாகிறது, பேசாமல் மக்ரூன் வாங்கிக்கொண்டு போ என்றாள். வாங்கினேன். வாயில் போட்டதும் கரைகிறது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும்தான் சங்கதி என்கிறார்கள், ஆனால் வேறு ஊர்க்காரர்களுக்கு அது கைகூடுவதில்லையாம். மாப்பிள்ளையைப் பற்றி நான் எது கேட்டாலும், "பாத்துட்டுச் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் எல்லாரும் நல்லவர்கள்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்ததும் ரூபியை அவள் தங்கியிருந்த அறையில் விட்டுவிட்டு, அவள் தடுத்தும் கேளாமல், எட்டரை மணி திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். வாத்தியாருக்கு ஞாயிறு லீவு. ஒன்று கோயிலில் இருப்பார், இல்லை அறையில் இருப்பார். இரண்டில் எங்கே என்று பார்த்துவிட்டால் ஆளை எடைபோட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

ஜெபராஜ் அறை எடுத்திருந்தது காயல்பட்டினத்துக்கு முந்தின ஊரான ஆறுமுகநேரியில். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் குத்துகின்றன, சேலைத் தலைப்பை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டேன். பழையகாயல், பிறகு முக்காணி. அங்கே தாமிரபரணிப் பாலம். நான் தாமிரபரணியை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். ஆத்தூரில் பஸ் நின்றதும் வெற்றிலைக் கட்டுகள் மேலே ஏறின. பச்சை மணம் பஸ் முழுக்க. மணல் காட்டுக்கும் உப்புக் காட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு பச்சை இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆறுமுகநேரியில் ஜெபராஜ் குடியிருந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இல்லை. வாத்தியார் வீடு என்றதும் கைகாட்டினார்கள். அறையில் பூட்டு தொங்கியது. வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரத் தேடுதிய? சார் பள்ளிக்கூடம் போயிருக்காவ."

ஞாயிற்றுக்கிழமை ஏது பள்ளிக்கூடம் என்று கேட்டேன். எனக்கு அப்போதே தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. சீட்டாட்டமா, சினிமாவா, எதை மறைக்க இந்த அம்மாளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று ஓடியது புத்தி.

"காயல்ல வெள்ளிக்கிழமதான் லீவு. ஞாயித்துக்கிழம உண்டும்மா," என்றாள் அவள், சாதாரணமாக.

அடக் கடவுளே. முஸ்லிம்கள் நடத்துகிற பள்ளிக்கூடம். ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளி லீவு விட்டால் ஞாயிறு வேலைநாளாகத்தானே இருக்கும்? இது தெரியாத நான் ஒரு டீச்சர். இது தெரிந்தும் கடிதத்தில் ஒரு வரி எழுதாத என் தங்கை இன்னொரு டீச்சர். வந்த கோபத்துக்கு அப்படியே தூத்துக்குடிக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் வந்தது வந்தோம், கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அடுத்த பஸ்ஸில் காயல்பட்டினம் போனேன்.

சுத்தமான ஊர். சந்துகள் குறுகல், சுவர்கள் உயரம். ஊர் பாதி வெளிநாட்டில், மீதி வீட்டுக்குள் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தை நெருங்கும்போதே பையன்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மணி அடிக்கிறது, பீரியட் மாறுகிறது. பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது. காவல்காரர் மரத்தடியில் நாற்காலி போட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மத்தியான மணிக்கு சார் வருவார், இருங்கள் என்றார்.

இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுவது நான்தான், கை சும்மா இருக்குமா? விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். ரூபிக்குச் சனி, ஞாயிறு. இவருக்கு வெள்ளி. காலாண்டு லீவு ரூபிக்கு இப்போது. இவர்களுக்கோ அதற்குப் பதிலாக நோன்பு மாதத்தில் விட்டுத் திறந்துவிட்டார்கள். வருஷத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருப்பது மே மாதம் மட்டும்தான். மே மாதம் மட்டும் குடித்தனம் நடத்தவா இந்தக் கல்யாணம்? கோபம் போய் அழுகை வந்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போகிறதே என்று அந்த மரத்தடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

மணி அடித்ததும் ஜெபராஜ் வந்தார். ஒல்லி, கறுப்பு, சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். என்னை யாரென்று சொன்னதும் பதறவில்லை, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து நீட்டினார். மீன் குழம்பு. அவரே வைத்ததாம். உப்பு, புளி எல்லாம் அளவாக இருந்தது, அதற்காக நான் விட்டுவிடவில்லை. கோயிலுக்கு எப்போது போவீர்கள் என்றேன். சாயங்கால ஆராதனைக்குப் போவேன், கிறிஸ்துமஸுக்கென்று லீவு கேட்கவே வேண்டாம், ஹெட்மாஸ்டர் கேக் மட்டும் கேட்பார் என்றார். கல்யாணம் ஆனால் தூத்துக்குடியிலேயே வீடு பிடித்து, பஸ்ஸில் போய்வருவது தன் பொறுப்பு, ரூபி வேலையை விடுவது என்ற பேச்சே கிடையாது என்றார். நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. மீதிப் பாதியையும் கேட்டுவிட்டேன்.

"சரி, ரெண்டு பேரும் ஒண்ணா வீட்ல இருக்கறது என்னிக்கு?"

"தெனமும் சாயங்காலம் இருப்போம்லாக்கா," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வெள்ளிக்கிழம வீட்ட நான் பாத்துக்கிடுதேன். பாங்கு, தபாலாபீஸு, கரண்டு பில்லு எல்லாம் அன்னைக்குத் தொறந்துருக்கும். ஞாயித்துக்கிழம போனா எது தொறந்துருக்கு?"

எங்கள் வீட்டில் கரண்டு பில் கட்டுவதே ஒரு போர். நாங்கள் ஓய்வாக இருக்கும்போது ஊரே ஓய்வாக இருக்கும். ஆபீஸ்கள் திறந்திருக்கும்போது நாங்கள் கரும்பலகை முன்னால் நிற்போம். இளையவனுக்கு அம்மை போட்டபோது யார் லீவு போடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டு, நாலு நாள் பேசாமல் இருந்தோம். இவர்கள் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பார்கள். எல்லா டீச்சருக்கும் ஒரே பீரியடில் ஓய்வு கொடுத்தால் பள்ளிக்கூடம் நடக்காது, பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் புதுசாக வருகிற டீச்சர்களுக்குச் சொல்கிறவள் நான். என் தங்கை குடும்பம் என்றதும் அது மறந்துபோயிற்று. கிளம்பும்போது மே மாதக் கடைசியில் கல்யாணத்துக்குக் கோயில் கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னேன். அவர் அப்போதுதான் பதறினார். தண்ணீர் குடிக்கப் போனவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டார்.

சாயங்காலம் தூத்துக்குடி கடற்கரையில் ரூபியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் எழுதவில்லை என்றால், "எழுதியிருந்தா நீ வந்திருக்கவே மாட்டே" என்கிறாள். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்திருப்பாயே, வருத்தமாக இல்லையா என்றேன்.

"அக்கா, சின்ன வயசுல ரயில்வே குவார்ட்டர்ஸ்ல நாம எட்டுப் பேரு. அப்புறம் ஹாஸ்டல். இப்ப ஒரு அறையில ரெண்டு பேரு. ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் நான் பாட்டுக்குக் கதவச் சாத்திட்டுத் தூங்கணும்னு எத்தன வருஷமா ஆச தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். "அப்ப வேலைய விட வேண்டாம்லா?" என்றாள். கல்யாணம் நிச்சயமா என்று கேட்கவில்லை, இதைத்தான் கேட்டாள். விடவே வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் அழுதோம். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

திங்கட்கிழமை நாசரேத்துக்குப் போய் ஜெபராஜின் அப்பா அம்மாவைப் பார்த்துப் பேசி முடித்தேன். அவர்களுக்கும் மே மாதம் சம்மதம். இரவு ரயிலில் எனக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தது. மணியாச்சி தாண்டியது தெரியாது, மதுரை வந்தது தெரியாது. அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கிப் பல வருஷமாயிற்று.

செவ்வாய் காலை திருச்சி ஜங்ஷனில் என் வீட்டுக்காரரும் பையன்களும் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் லீவாயிற்றே, வராமல் என்ன? என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். மே கடைசியில் கல்யாணம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"மே மாசமா? எஸ்.எஸ்.எல்.சி. பேப்பர் திருத்தற வேலைக்கு நமக்கு ஆர்டர் வருமே."

வரும்தான். வருஷா வருஷம் வருகிறது. அதற்காக எத்தனையோ கல்யாணத்துக்கு மொய்ப்பணம் மட்டும் அனுப்பியிருக்கிறோம்.

"வேற யாராவது திருத்தட்டும்," என்றேன். "நான் கோயில்ல முதல் பெஞ்சில உட்காரப்போறேன்."