குருகு எண்ணப் போன காலை

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நடந்தது பெரில் ஸ்டானிஃபோர்த்துக்கு. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பத்தொன்பது வருடப் பழக்கம். பொய்யே தெரியாதவள் என்று சொல்ல மாட்டேன். சீட்டாட்டத்தில் கூசாமல் சொல்வாள். பறவை விஷயத்தில் மட்டும் சொல்ல மாட்டாள். அன்று காலை அவள் எழுதிய நோட்டை என் கையாலேயே புரட்டிப் பார்த்திருக்கிறேன். நேரம், திசை, தூரம், எல்லாம் பென்சிலில். கடைசிப் பக்கத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது.

எங்கள் ஆஷ்மியர் ஊருக்கு வடக்கே ஒரு நாணல் சதுப்பு உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரி இடத்தில் கரையை விட்டு இறங்கினால் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று நாணல் சொல்லாது. அதை வாங்கியவன் தண்ணீரை வடித்துவிட்டுக் விடுமுறைக்கு வருகிறவர்கள் வண்டிவீட்டோடு தங்கும் கேரவன் பார்க் போடத் திட்டம் வைத்திருந்தான். திங்கட்கிழமை ஊர் மன்றத்தில் வாக்கெடுப்பு. அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால் பெரில் அங்கே ஒரு குருகின் குரலைக் கேட்டுவிட்டாள். பெருங்குருகு. நாணலோடு நாணலாக நின்று, விடியலில் 'ஊம்ம்ம்...' என்று அடிவயிற்றிலிருந்து முழங்கும் பறவை. எங்கள் பக்கம் அது கூடு கட்டி நாற்பது வருடம் ஆகிறது. அது இருப்பது நிரூபணமானால் சதுப்பில் யாரும் கை வைக்க முடியாது.

பப்பில் வைத்து இதைச் சொன்னாள். அங்கிருந்த க்ளைவ் மார்லிங், சனிக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் குழுவுக்குத் தலைவர். எழுபது வயது. வாய் மட்டும் பதினேழு.

"டிரைவரம்மா, நீ கேட்டது குருகு இல்ல. எவனோ காலி பீர் பாட்டில்ல ஊதியிருப்பான்."

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன், க்ளைவ். பின் சீட்டுல எவன் என்ன சத்தம் போட்டான்னு திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். அது குருகுதான்."

"அப்ப நிரூபி."

"நிரூபிக்கத்தான் போறேன். நீயும் வா. உன் காதால கேட்டுட்டு அப்புறம் ஊதற ஆளைத் தேடு."

பப் நடத்தும் நெல், கிளாஸ் துடைத்துக்கொண்டே, "நானும் வரேன்" என்றாள். மூன்று பேர் சேர்ந்தார்கள். முறை இதுதான்: மூன்று பேரும் சதுப்பைச் சுற்றி மூன்று இடத்தில் நிற்க வேண்டும். கையில் வாக்கி-டாக்கியும் திசைகாட்டியும். பறவை முழங்கும்போதெல்லாம் நேரம், எத்தனை டிகிரி, எத்தனை மீட்டர் தூரம் என்று எழுதிக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மூன்று கோடும் வரைபடத்தில் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே பறவை.

"நாலே முக்கால்லேர்ந்து ஆறே கால் வரைக்கும்," என்றார் க்ளைவ். "நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. நகர்ந்தா கோடெல்லாம் கோணலாயிடும். கணக்கைச் சரிபார்க்கற மாவட்டக் குழு தூக்கிக் குப்பையில போட்டுரும். புரியுதா டிரைவரம்மா?"

"எனக்கு நீ சட்டம் சொல்லித் தரவேண்டாம்."

ஏப்ரல் பதினாறு, சனிக்கிழமை. பெரில் தெற்குக் கரையில், பழைய மதகின் கல்மேல் உட்கார்ந்தாள். அது ஒன்றாம் இடம். வடமேற்கே இடிந்த காற்றாலை இரண்டாம் இடம், க்ளைவுக்கு. கிழக்கே மாட்டுப் பட்டியின் கேட் மூன்றாம் இடம், நெல்லுக்கு. பிளாஸ்க்கில் தேநீர். மடியில் நோட்டு. மூடுபனி நாணலின் கழுத்துவரை நின்றது. போனில் சிக்னல் கிடையாது. அங்கே எப்போதுமே கிடையாது.

4:45. பெரில் வாக்கி-டாக்கியை அழுத்தினாள். "ஒண்ணு, ரெடி."

"மூணு, ரெடி," என்றாள் நெல். "குளிரு கொல்லுது."

கொஞ்சம் தாமதித்து க்ளைவின் குரல். "ரெண்டு, ரெடி, பெரில்."

பெரில்.

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. தூக்கக் கலக்கம் போல என்று விட்டுவிட்டாள்.

4:58. வந்தது. 'ஊம்ம்ம்... ஊம்ம்ம்... ஊம்ம்ம்...' மூன்று முறை. பெரில் கல்மேல் உட்கார்ந்தபடியே முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து விட்டாள்.

"ஒண்ணு. இருபது டிகிரி. முந்நூறு மீட்டர். கேட்டியா க்ளைவ்? பாட்டிலா அது?"

"மூணு," நெல்லின் குரல் துள்ளியது. "முந்நூறு டிகிரி. ஐந்நூறு மீட்டர். ஐயோ, என்ன சத்தம் பெரில்!"

க்ளைவிடமிருந்து கிண்டலை எதிர்பார்த்தாள். வரவில்லை.

"ரெண்டு. நூத்தி நாப்பது டிகிரி. அறுநூறு மீட்டர்."

அவ்வளவுதான். வாக்கி-டாக்கியில் பொத்தானை விட்டதும் வரும் 'க்ரிக்' சத்தம்கூட இல்லை.

பெரில் எழுதினாள். எழுதிவிட்டு யோசித்தாள். காற்றாலையிலிருந்து பார்த்தால் பறவை ஏறக்குறைய கிழக்கே இருக்க வேண்டும். நூற்று நாற்பது டிகிரியில் பறவை இல்லை.

நூற்று நாற்பது டிகிரியில் இருப்பது மதகு.

5:07. இரண்டாவது முழக்கம். பெரில் சொன்னாள். நெல் சொன்னாள்.

"ரெண்டு. நூத்தி நாப்பது. நானூறு மீட்டர்."

"க்ளைவ், திசைகாட்டியைச் சரியாப் பிடி. நீ என்னைக் காட்டறே."

அந்த எண்ணையும் நோட்டில் எழுதினாள்.

5:16. மூன்றாவது முழக்கம். பெரில் சொன்னாள். இந்த முறை நெல் சொல்லவில்லை. பெரில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். வெறும் இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே, தெளிவாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல...

"ரெண்டு. நூத்தி நாப்பது. இருநூறு மீட்டர்."

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். சதுப்பில் சத்தம் இல்லை. ஒரு நிமிடம் முன்புவரை நாணல் கதிர்க்குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. நாமக்கோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இப்போது எதுவும் இல்லை. ஒன்றுகூட.

"பெரில். குருகு தெரியுது. கூட்டோட இருக்கு. வா."

"வழி எங்கே?"

"நேரா வா."

"நேரா தண்ணி, க்ளைவ்."

"இல்ல. மேல நடக்கலாம். நான் நடந்தேன்."

அவள் எழுந்துவிட்டாள். அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. கூடு என்று கேட்டதும் கால் தானாக எழுந்துவிட்டதாம். கூட்டைப் பார்த்தால் போதும், திங்கட்கிழமை ஊர் மன்றத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு காலைக் கரைச் சரிவில் வைத்தும்விட்டாள்.

வைத்தவளுக்கு ரோஷம் வந்தது. தூரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, திசையையும் தப்பாகச் சொல்லிவிட்டு, இப்போது தன்னையும் நகரவைத்து எல்லாக் கோடுகளையும் கெடுக்கப் பார்க்கிறானா இந்த ஆள்? திங்கட்கிழமை எழுந்து நின்று 'டிரைவரம்மா இடம் மாறிட்டா' என்று சொல்லவா?

காலை எடுத்துக்கொண்டாள். மறுபடி கல்மேல் உட்கார்ந்தாள்.

"ஆறே கால் வரைக்கும் நகர மாட்டேன். சட்டம் பேசினது நீ."

"வா, பெரில்."

"மாட்டேன்."

"வா, பெரில்."

அதே தொனி. அதே இழுப்பு. சொன்னதையே திரும்பப் போட்டது போல.

5:29. குருகு முழங்கவில்லை. கேட்காமலே குரல் வந்தது.

"நூத்தி நாப்பது. தொண்ணூறு மீட்டர்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது பறவையின் தூரம் இல்லை.

அவளுடைய தூரம்.

வாக்கி-டாக்கியை அணைத்தாள். சிவப்பு விளக்கு போனது.

"நாப்பது மீட்டர்."

குரல் கையிலிருந்து வரவில்லை.

நாணலிலிருந்து வந்தது.

எழுந்து ஓடியிருக்கலாம். கரை அகலமானது, வீடு இருபது நிமிடம். "ஓடினா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றாள் என்னிடம். "ஓட எனக்கு இஷ்டமில்ல. என் இடம் அது."

நேரம் பார்த்து எழுதினாள். 5:34. நாற்பது மீட்டர்.

நாணல் அசைந்தது. காற்று இல்லை. வடமேற்கிலிருந்து ஒரே நேர்கோட்டில், தலைகள் மட்டும் விலகி விலகி...

எதுவும் தெரியவில்லை.

சளக்.

நிறுத்தம்.

சளக்.

5:37. "பதினஞ்சு."

எழுதினாள். பென்சில் தாளைக் கிழித்தது. அப்படியும் எழுதினாள்.

சளக்.

கரையோர நாணல் விலகியது. பின்னால் பனி. பனிக்குள் மூச்சு. ஈர மூச்சு. அழுகிய இலை நாற்றம்.

"நாலு," என்றது க்ளைவின் குரல். மிகவும் அன்பாக.

பெரில் எழுந்து நின்றாள். நெஞ்சு முட்ட மூச்சு இழுத்தாள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே சொல்லில் அடக்கிய தொண்டை அது.

"உக்காரு!"

சதுப்பு முழுக்க எதிரொலித்தது.

"யாரா இருந்தாலும் சரி! என் எண்ணிக்கை முடியல! நான் வர மாட்டேன்! நீ போ!"

அமைதி...

அமைதி...

பிறகு, இடது பக்கம், வெகு பக்கத்தில், 'ஊம்ம்ம்' என்று குருகு முழங்கியது. ஒரு குருவி பதில் சொன்னது. இன்னொன்று. நாமக்கோழிகள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கின. நாணல் மூடிக்கொண்டிருந்தது.

5:41 என்று எழுதினாள். அதில் ஒன்று என்கிற எண் கோடு மாதிரி இல்லாமல் பாம்பு மாதிரி இருக்கிறது. ஆனாலும் எழுதியிருக்கிறாள். அதன்பின் முப்பத்து நான்கு நிமிடம் அங்கேயே உட்கார்ந்து, இன்னும் நான்கு முழக்கத்தைப் பதிவு செய்துவிட்டு, 6:15க்குத்தான் நோட்டை மூடினாள்.

ஆறே கால் ஆனதும் நெல் கரையில் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பெரில்! என்ன ஆச்சு? கத்தினீங்களே! அதுக்கு முன்னாடி யார்கூடப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"க்ளைவ்கூட."

"க்ளைவ் இன்னிக்குப் பேசவே இல்லையே. உங்க குரல் மட்டும்தான் வந்துச்சு. நடுவுல விட்டு விட்டுப் பேசுனீங்க. பனியில அவர் பேசறது எனக்குத்தான் எட்டலன்னு நினைச்சேன்."

இருவரும் காற்றாலைக்குப் போனார்கள். புல்லில் பனித்துளி கலையாமல் இருந்தது. யாரும் நின்ற தடம் இல்லை. நேரே க்ளைவ் வீட்டுக்குப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார்: விடியற்காலை 3:50க்குக் கிளம்பும் அவசரத்தில் க்ளைவ் மாடிப்படியில் சறுக்கிக் கணுக்கால் முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போயிற்று. மனைவி மார்ஜரியும் கூடப் போயிருக்கிறாள்.

ஜன்னல் வழியே பெரில் பார்த்தாள். சமையலறை மேஜையில் வாக்கி-டாக்கி. பின்மூடி கழன்றிருந்தது. பாட்டரிகள் பக்கத்தில் தனியாகக் கிடந்தன.

திங்கட்கிழமை ஊர் மன்றத்தில் பெரில் பேசினாள். இரண்டு கோடுதான் இருக்கிறது, மூன்றாவது எங்கே என்று கேரவன் பார்க்காரனின் ஆள் கேட்டான். "ரெண்டு கோடு வெட்டிக்கிட்டா ஒரு புள்ளிதான் வரும், பள்ளிக்கூடத்துல படிக்கலயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாவட்டக் குழு ஆள் அனுப்பிப் பார்த்தது. இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடத்திலேயே கூடு இருந்தது. நான்கு முட்டைகள். கேரவன் திட்டம் அதோடு படுத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை விடியலில் பெரில் மறுபடி மதகின் கல்மேல் போய் உட்கார்ந்தாள். இன்றும் போகிறாள். பயமில்லையா என்று கேட்டேன். "போகணும்னா அது போகட்டும். நான் எதுக்குப் போகணும்?" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, கட்டுப் போட்ட காலோடு இருந்த க்ளைவைப் பார்க்கப் போனாள். அவருக்கு அந்தக் காலையைப் பற்றி ஒன்றும் நினைவில்லையாம். மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மார்ஜரி சமையலறையில் தேநீர் ஊற்றினாள். அதுவரை பெரில் நடந்ததை முழுசாக யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, மார்ஜரிக்கும் சொல்லவில்லை. மார்ஜரியாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில வலிக்கு ஊசி போட்டாங்க, பெரில். அஞ்சு மணிக்கு முன்னாடியே அசந்து தூங்கிட்டாரு. ஆனா வாய் ஓயல. அறுநூறுன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு நானூறு. அப்புறம் இருநூறு, தொண்ணூறு. பறவை எண்ணறாரு போலன்னு நர்ஸ்கூடச் சிரிச்சா."

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கடைசியா நாலுன்னாரு. அப்புறம், 'வரமாட்டேங்குறா'ன்னாரு. அதோட நின்னுடுச்சு. மணியப் பார்த்தேன். அஞ்சு நாப்பத்தொண்ணு."

"தூக்கத்துல உளறியிருப்பாரு."

"அப்படித்தான் நானும் நினைச்சுக்கறேன்." மார்ஜரி மாடிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன், பெரில். அது அவர் குரல் இல்ல. வயசான பொம்பளைக் குரல். தொண்டை முழுக்கத் தண்ணி நிக்கற மாதிரி. அவர் வாயிலேர்ந்து அது எப்படி வந்துச்சு? அந்த நேரத்துல அவர் குரல் எங்கே போச்சு?"

க்ளைவின் குரல் அப்போது எங்கே இருந்தது என்று பெரிலுக்குத் தெரியும்.