ஐந்தே முக்கால் பஸ்ஸும் எட்டாவது அணியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கால்பந்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பந்தை உதைத்ததைவிட, அது போய் விழுந்த பள்ளத்தில் இறங்கி எடுத்து வந்ததுதான் அதிகம். ஜவ்வாது மலையில் மளிகைக் கடை வைத்திருப்பவன் வாராவாரம் இந்த இடத்தில் எழுதுவதே அதிகப்படி... இதில் கால்பந்து வேறா?

ஆனால் போன வாரம் ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு. வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற கால்பந்து லீக் ஒன்று இருக்கிறது. ஏழு அணிகள் – ஏழும் பெரிய நகரங்களில். எட்டாவது அணியை ஒரு சின்ன ஊருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து, மூன்று ஊர்களைக் குறித்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் மலையடிவாரத்து ஆலங்காயம்.

அந்தப் பட்டியலில் ஆலங்காயம் வந்ததற்கு ஒரே காரணம், என் மனைவியின் தம்பி சம்பத். அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் நல்ல கோல்கீப்பர். பெங்களூரில் ஒரு அணியில் சேர்ந்து, தங்குவதற்கு இடம் சரிப்படாமல் எட்டு மாதத்தில் திரும்பி வந்தவன்.

"ஆடறதுக்கோசரம் எவனும் இனிமே ஊரை வுட்டுப் போவக் கூடாது மாமா" என்பான். மூன்று வருடமாக மனு மேல் மனு.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக் குழு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் பார்க்க ஒரு ஆட்டம் – ஆலங்காயம் அணிக்கும் எங்கள் மலை அணிக்கும்.

"மைதானம் எப்படின்னாலும் சரி பண்ணிக்குவாங்களாம். ஜனம் வருதா, வந்த ஜனம் கடைசி வரைக்கும் குந்துதா... அதான் கணக்கு. மலையிலேர்ந்து ஒரு பஸ்ஸு ஆளுங்களைக் கூட்டியாந்துடுங்க மாமா. உங்க ஆளுங்க விசிலு ஒண்ணு போதும்."

கூட்டிப் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆட்டம் மூன்றரை மணிக்கு. முடிந்ததும் நிதானமாக நடந்து போய் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கலாம். மலைக்கு அதுதான் கடைசி பஸ். சம்பத் அதையெல்லாம் யோசித்துத்தான் நேரம் குறித்திருந்தான்.

குழுவில் மூன்று பேர். கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் தலைமை. கையில் நோட்டு. "வரவேற்பெல்லாம் வேண்டாம், ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றுதான் அவர் சொன்னார். நம் ஊரில் அப்படி விட்டுவிட முடியுமா? சால்வை. மாலை. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏழு பேர் வாழ்த்திப் பேசினார்கள். ஏழாமவர் கால்பந்து எந்த நாட்டில் பிறந்தது என்பதில் தொடங்கினார்.

விசில் ஊதும்போது மணி நாலேகால்.

ஆட்டம் நன்றாகவே இருந்தது. எங்கள் ஆட்கள் பந்தைத் தூக்கி அடிக்கவே மாட்டார்கள். மலையில் தூக்கி அடித்தால் பந்து சாமைக் கொல்லையைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிவிடும். எடுத்து வர அரை மணி நேரமாகும். அதனால் காலோடு கால், தரையோடு தரை. அந்த அம்மா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். ஆளுக்கொரு கோல்.

மணி ஐந்தரை. ஆட்டம் முடிய இன்னும் அரை மணி நேரம்.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டம் மொத்தமாக எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. நானும்தான். ஆடியவர்களுக்குச் சம்பத் வீட்டு மாடியில் படுக்கை தயார். பார்க்க வந்த எங்களுக்கு?

குனிந்தபடி நாற்காலிகளுக்கு முன்னால் கடந்தேன். அந்த அம்மா கேட்டார்.

"ஏன் சார், ஆட்டம் பிடிக்கலையா?"

பதில் தொண்டை வரை வந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்களே... சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் மைதானத்திலிருந்து 'கோல்' என்று ஒரு சத்தம். யார் போட்டது?

"சத்தம் கம்மியா கீதுபா. நம்மாளுதான் போட்டுக்கீறான்" என்றார் டிரைவருக்குப் பின்னால் இருந்தவர்.

"அதெப்படிச் சொல்ற?"

"கத்தறவன்லாம் இங்க பஸ்ஸுல இல்ல குந்தினு கீறான்?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அவர் சொன்னது சரிதான் என்று காலையில் தெரிந்தது.

காலையில் என்றால், திங்கட்கிழமை காலையில். பைக்கில் ஏறி வந்த சம்பத், கடை வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா மாமா பண்ணி வெச்சிருக்கீங்க? 'கூட்டம் நல்லா வருது, ஆனா நிக்கல'ன்னு அந்தம்மா எழுதினு போயிருக்காங்க. பிரவுன் சட்டை போட்ட ஒருத்தரைக் கேட்டாங்களாம், அவரு பதிலே சொல்லாம சிரிச்சாராம். யாரு மாமா பிரவுன் சட்டை?"

அதே சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தேன்.

"நாளைக்கு முடிவு பண்றாங்க. நம்பர் வாங்கியாந்திருக்கேன். நீங்களே பேசுங்க. நான் பேசினா சாக்கு சொல்றேன்னு நெனைப்பாங்க."

எனக்குத் தெரியாதவர்களோடு போனில் பேசிப் பழக்கமில்லை. தண்ணீர் டேங்க் பக்கத்தில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

"வணக்கங்க மேடம். சிரிச்சிட்டுப் போனேனே... அந்த ஆளுங்க."

அவர் சிரித்துவிட்டார். பஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா! அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"கூச்சமா இருந்துதுங்க."

"பரவாயில்லை. எழுதினதை மாத்திடறேன். அவ்வளவு நேரம் பார்த்ததே ஆசையாலதான்னு புரியுது."

சம்பத் கையெடுத்து என்னைக் கும்பிட்டான். நாற்பது வயது ஆளின் கண்ணில் தண்ணீர்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார்" என்றார் அந்த அம்மா. "லீக் ஆட்டமெல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு, லைட் போட்டு நடக்கும். அதுக்கு உங்க ஆளுங்க வருவாங்களா?"

சம்பத் 'வருவாங்க, வருவாங்க' என்று தலையை ஆட்டினான். எனக்கோ மனதில் பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. ஆட்டம் முடிகிற நேரத்தில் அங்கே என்ன இருக்கும்?

"அந்நேரத்துக்குப் பஸ் இல்லீங்க."

"அப்ப வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி சார்."

சம்பத் அப்படியே டேங்க் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"வருவோம்னு ஒரு வார்த்தை மாமா... ஒரே வார்த்தை."

"வந்தா எப்படிடா வூடு போய்ச் சேர்றது?"

"டீம் வந்தா பஸ்ஸு தானா வரும் மாமா. பஸ்ஸு வரட்டும்னு குந்தினு இருந்தா ஒண்ணும் வராது."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். இரவு பஸ்ஸுக்காக நாங்கள் கொடுத்த மனுக்களும் எங்கேயோ இருக்கின்றன. அவனும் மனு எழுதியவன். நாங்களும் மனு எழுதியவர்கள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை – அவ்வளவுதான்.

வாயைத் திறந்து பேசு, நல்லது நடக்கும் என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். திறந்தேன். சும்மா சிரித்திருந்தால் பாதிக் கெடுதலோடு போயிருக்கும்.

சம்பத் டீ குடிக்காமல் பைக்கை எடுத்தான். "அக்காகிட்ட வந்தேன்னு சொல்லிடுங்க" என்றான்.

மறுநாள் மதியம், எட்டாவது அணி தெற்கே ஒரு கடலோர ஊருக்கு என்று அறிவித்தார்கள். சாயங்காலம் பஸ் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியது.