விடுமுறையில் போன வீடு

மெல்பேர்னில் எனக்கு இன்னும் பழகாதது விடுமுறைதான். ட்ருகனினாவில் நான் பெட்டி அடுக்கும் கிடங்கின் சூப்பர்வைசர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இரண்டு வருடமாக நான் லீவே எடுக்கவில்லை என்றார். என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன். "நோ மேட், கோ ஹோம். ஸீ யுவர் ஃபெமிலி" என்று சிரித்தார். வேலையால் நிறுத்துகிறார் என்று பயந்து அன்று மாலைவரை இரட்டிப்பு வேகத்தில் அடுக்கினேன். அவர் பாவம், தலையில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

பிறகுதான் விளங்கியது. ஆனால் வீட்டுக்குப் போ என்றால் எங்கே போவது? எட்டு வயதில் மலையகத் தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு வேலைக்கு விடப்பட்டவன் நான். பதினொரு வருடம் சம்பளமில்லை, பள்ளிக்கூடமில்லை, வாசல் படலை தாண்ட அனுமதியில்லை. அதை அடிமை வாழ்வு என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்த அன்று, அவர்களுடைய மூட்டைகளை மதிலோரம் இறக்கி வைத்துவிட்டு சனத்துக்குள் நடந்துவிட்டேன். எல்லோரும் வீட்டை இழந்து அழுத தெருவில் எனக்கு விடுதலை கிடைத்தது. தோட்டத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது என்னைப் பெற்ற அம்மா செத்து இரண்டு வருடம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊர் நினைப்பு வந்தால் எனக்கு வருவது நான் சமைத்துக் கிடந்த அந்த வீட்டுக் குசினிதான். முன்னறை வானொலியில் மெல்லக் கேட்கும் பாட்டும் கிணற்றடி வாழையில் விழும் மழையும் அப்படியே காதில் இருக்கின்றன. என் பேச்சும் அவர்களுடையதுதான். இங்கே யாராவது "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்டால் அவர்களுடைய ஊரையே சொல்கிறேன்.

என்னை வேலைக்கு வைத்திருந்த அந்த வீட்டு அம்மா சிட்னியில், கெல்லிவில்லில், மகனோடு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ் ஏறினேன். என்னிடம் ஒரேயொரு கேள்வி இருந்தது. என்னைப் பெற்றவள் ஒருதரமாவது தேடி வந்தாளா? வரவில்லை என்று நம்பி, அவள்மேல் கோபத்தோடேயே வளர்ந்தவன் நான்.

அந்த வீட்டு அம்மா என்னைக் கண்டதும் கண் கலங்கினார். "கதிரையில இரு" என்றார். அந்தச் சொல்லை அவர் எனக்குச் சொல்லி அன்றுதான் கேட்டேன். நாற்காலி நுனியில் இருந்தபடி என் கேள்வியைக் கேட்டேன்.

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வந்தவள். ரெண்டு தரம். படலையில வச்சே அனுப்பிப்போட்டன். உன்னைக் கண்டால் கூட்டிக்கொண்டு போயிடுவாள் எண்டு பயந்தனான்."

"நான் அப்ப எங்க நிண்டனான்?"

"குசினியிலதான். தேங்காய் திருவிக்கொண்டிருந்தனி."

நான் எழும்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. "சாப்பிட்டிட்டுப் போ" என்றார் அவர். மருமகள் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். இத்தனை வருடமும் என் நாக்கு தேடிய அதே சொதி. கோபம் ஆறாமலே இன்னும் ஒரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில், பஸ்ஸில்தான் நினைவு வந்தது. அவ்வளவு தூரம் வந்து படலையில் நின்றவளுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை.